லினக்ஸும் கணினி விளையாட்டும்: உடைமையுறவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கணினி விளையாட்டு ஆய்வுக்குரிய பொருளாகுமா என்ற ஐயம் நமது பல்கலைக்கழக வட்டாரங்களில் இன்னமும் உண்டு. நாவலும் சிறுகதையும் ஆய்வுக்குரியனவாக ஏற்றுக்கொள்ளப்படுவதற்கே நெடுங்காலம் வாதாட வேண்டியிருந்தமையை நினைவுகூரின் இவ்வையம் வியப்புக்குரியதன்று. எனினும் விளையாட்டுகளின் கதையமைப்பையோ அழகியலையோ இக்கட்டுரை ஆராய முற்படவில்லை. இதன் நோக்கம் குறுகியது. லினக்ஸ் எனப்படும் இயக்க முறைமையிலே கணினி விளையாட்டுகளை ஆட முயன்றோர் முப்பது ஆண்டுகளாக அடைந்துவந்த இடர்ப்பாடுகளுக்கும், அவை இருந்தும் அவர்கள் அம்முயற்சியைக் கைவிடாமைக்குமான காரணங்களை உடைமையுறவுகளின் வரலாற்றில் வைத்து விளக்குதலே அது.

இடர்ப்பாடுகளை முதலிற் கூறிவிடலாம். விலைகொடுத்து வாங்கிய விளையாட்டுத் தொடங்குவதில்லை. தொடங்கினும் ஒலி வராது. ஒலி வந்தால் படம் திக்கித் திக்கி நகரும். நேற்றுவரை ஓடிய விளையாட்டு, இரவில் முறைமையைப் புதுப்பித்தபின் காலையிற் கருந்திரையாய் நிற்கும். இவற்றுக்குப் பொதுவாகத் தரப்படும் விளக்கம் ஒன்றுண்டு. லினக்ஸ் பயன்படுத்துவோர் சிலரே, சந்தை சிறியது, ஆகவே விளையாட்டுக் கம்பனிகள் அக்கறை காட்டவில்லை என்பதே அது. இது பொய்யன்று. ஆயின் விளக்கப்படவேண்டிய நிலைமையையே விளக்கமாகத் தருவது. அதே லினக்ஸ் உலகின் சேவைக் கணினிகளிலும் மீத்திறன் கணினிகளிலும் ஆதிக்கம் பெற்றிருக்க, விளையாட்டில் மட்டும் ஏன் பின்தங்கிற்று என்ற வினாவுக்கு அது விடையாகாது.

வாதத்திற்கு இன்றியமையாத ஒரு வேறுபாட்டை இங்கு தெளிவுபடுத்துதல் வேண்டும். மனிதர் எழுதும் கட்டளைத் தொகுதி மூலநிரல் எனப்படும். அதனை இயந்திரம் ஏற்கும் வடிவுக்கு மாற்றியபின் அது படித்தறியத் தக்கதாய் இருப்பதில்லை. சந்தைக்கு வரும் மென்பொருள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வடிவிலேயே வருகின்றது; வாங்கியவர் பயன்படுத்தலாம், திருத்த இயலாது. லினக்ஸ் மூலநிரலுடனேயே வழங்கப்படுவது. எவரும் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்கு வழங்கலாம். மாற்றியதை வழங்குபவர் தமது மாற்றத்தின் மூலநிரலையும் அவ்வாறே தருதல் வேண்டும் என்பது அதன் உரிமத்தின் நிபந்தனை.

கணினி விளையாட்டின் தொடக்கம் இப்பொதுமையின் உள்ளேயே நிகழ்ந்தது. 1962 இல் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் பி.டி.பி.-1 என்னும் கணினிக்கென எழுதப்பட்ட ‘ஸ்பேஸ்வோர்’ என்ற விளையாட்டைத் தனியொருவர் படைப்பு என்பது கடினம். முதல் வடிவை எழுதியவர் ஸ்டீவ் ரசல். பின்னணியில் உண்மையான வானின் விண்மீன்களைச் சேர்த்தவர் பீற்றர் சாம்சன். நடுவிலுள்ள சூரியனுக்கு ஈர்ப்புவிசையைக் கொடுத்தவர் டான் எட்வர்ட்ஸ். ஆபத்து வேளையில் மறைந்து வேறோரிடத்தில் வெளிப்படும் உபாயம் மார்ட்டின் கிறேற்ஸினுடையது. நாட்டார் பாடல் வாய்மாறி வளர்வதை அறிந்தவர்களுக்கு இவ்வாக்கமுறை அந்நியமானதன்று. எனினும் இதனை இலட்சியமயப்படுத்துதல் தவறு. அக்கணினியின் விலை ஏறத்தாழ 120,000 டொலர்; அதனை உற்பத்தி செய்த கம்பனி அன்பளிப்பாக வழங்கியது. அக்கால அமெரிக்கக் கணினி ஆராய்ச்சியின் பெரும்பகுதியைத் தாங்கியது பாதுகாப்புத் திணைக்களத்தின் நிதி. பொதுமையிற் கூடி விளையாடியவர்கள் அந்த உபரியின் நிழலில் இருந்தவர்களே. 1971 இல் இதே விளையாட்டின் வழிவந்த ‘கொம்பியூட்டர் ஸ்பேஸ்’, காசு போட்டால் இயங்கும் பெட்டியாக வெளிவந்தது. அதனை ஆக்கிய நோலன் புஷ்னலும் ரெட் டப்னியும் அடுத்த ஆண்டில் அட்டாரி நிறுவனத்தைத் தொடங்கினர். பொதுவில் விளைந்தது ஒன்பது ஆண்டுகளிற் காசுத் துளையுள்ள பெட்டிக்குள் அடைபட்டது.

இன்னொரு செய்தியும் குறிப்பிடத்தக்கது. லினக்ஸின் மூதாதையான யூனிக்ஸ் முறைமையின் தோற்றத்திலேயே ஒரு விளையாட்டு உண்டு. பெல் ஆய்வுகூடத்தில் 1969 இல் கென் தொம்சன் எழுதிய ‘ஸ்பேஸ் ட்ராவல்’, பெரிய கணினியில் ஒருமுறை ஆடுவதற்கு ஏறத்தாழ 75 டொலர் பெறுமதியான கணிப்பு நேரத்தை விழுங்கிற்று. அதிகம் பயன்படாமற் கிடந்த பி.டி.பி.-7 என்ற சிறிய கணினிக்கு அதனைக் கொண்டுசெல்ல அவரும் டெனிஸ் றிச்சியும் செய்த வேலையே யூனிக்ஸுக்கு வழிகோலிற்று. விளையாட்டுக்கு ஒவ்வாத முறைமை என்று பின்னாளிற் பெயரெடுத்தது விளையாட்டின் பொருட்டுச் செய்த உழைப்பிலிருந்து பிறந்தது.

1970களின் நடுப்பகுதியிலிருந்து மென்பொருள் தனிப்பண்டமாகப் பிரிந்தது. பொழுதுபோக்காகக் கணினி பயின்றோர் தமது மென்பொருளைப் பிரதிசெய்வது திருட்டென 1976 பெப்ருவரியில் மைக்ரோசொஃப்ட் நிறுவனர் பில் கேட்ஸ் எழுதிய பகிரங்கக் கடிதம் இம்மாற்றத்தின் ஆவணம். இதற்கு எதிர்வினையாக 1983 செப்டெம்பரில் றிச்சர்ட் ஸ்டோல்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். 1991 இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டு, 1992 இல் அதனைக் குனூ பொது உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தார். இவ்வரலாறு பலரும் அறிந்ததாகையால் விரிக்கவில்லை.

இவ்விடத்திலேதான் நமது வினாவுக்கு விடை தேடவேண்டும். மார்க்ஸ் ‘மூலதனம்’ இரண்டாம் பாகத்தில் சமூக உற்பத்தியை உற்பத்திச் சாதனங்களை ஆக்கும் துறை, நுகர்பொருள்களை ஆக்கும் துறை என இரண்டாகப் பகுத்தார். இப்பகுப்பை மென்பொருளுக்குப் பொருத்தின் ஒன்று புலனாகும். இயக்கக் கரு, மொழிமாற்றி, தரவுத்தளம், வலைச் சேவை ஆகியவை உற்பத்திச் சாதனங்கள். இவற்றை விற்று இலாபமீட்டாத கம்பனிகளுக்கு இவை செலவு மட்டுமே. அச்செலவைப் பலர் பகிர்வது ஒவ்வொரு முதலாளிக்கும் ஆதாயம். ஐ.பி.எம். கம்பனி 2001 இல் லினக்ஸுக்கென நூறு கோடி டொலர் செலவிடப்போவதாக அறிவித்தமை அறத்தினால் அன்று. விளையாட்டோ நுகர்பொருள். அதனை ஆக்குபவருக்கு அதுவே விற்பனைப் பண்டம். பிறருக்கு அதனை ஆக்குவதிற் பங்குகொள்ள வேண்டிய தேவையில்லை. ஆகவே முதலின் பணம் லினக்ஸின் முதலாம் துறைக்குப் பாய்ந்தது. இரண்டாம் துறை மாணவரின் மாலைநேர உழைப்பை நம்பியிருந்தது.

அவ்வுழைப்பின் விளைவுகளை நோக்கினும் இது தெளிவாகும். 1987 இல் வெளிவந்து இன்றும் ஆடப்படும் ‘நெற்ஹக்’ விளையாட்டில் உலகம் முழுவதும் எழுத்துகளாலும் குறிகளாலும் ஆனது. ஓர் எழுத்து அரக்கன், ஒரு குறி கதவு. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக மாணவர் மூவர் 1995 இல் தொடங்கிய ‘ஃப்ரீசிவ்’, 2003 இல் தோன்றிய ‘வெஸ்நொத்’ ஆகியன விதிகளாலும் உபாயங்களாலும் ஆனவை. எங்கெல்லாம் விளையாட்டின் சாரம் நிரலிலும் விதியிலும் தங்கியுள்ளதோ அங்கெல்லாம் கூட்டுழைப்பு வென்றுள்ளது. எங்கெல்லாம் அது ஓவியர், நடிகர், இசைஞர் என நூற்றுக்கணக்கானோரின் பல்லாண்டுக் கூலியுழைப்பை வேண்டுகின்றதோ அங்கெல்லாம் தோற்றுள்ளது. சுதந்திர மென்பொருள் இயக்கத்தினர் பலர் இதனை ஏற்கத் தயங்குவர். ஆர்வம் கூலிக்கு மாற்றாகாது.

‘டூம்’ விளையாட்டின் வரலாறு இதற்குச் சிறந்த சான்று. 1993 டிசெம்பரில் ஐடி சொஃப்ட்வெயர் வெளியிட்ட இதனை அடுத்த ஆண்டில் டேவ் டெய்லர் லினக்ஸுக்குக் கொணர்ந்தார். 1997 டிசெம்பரில் ஜோன் கார்மக் அதன் மூலநிரலை வெளியிட்டார். 1999 இல் அது பொது உரிமத்தின் கீழ் வந்தது. வெளியிடப்பட்டது லினக்ஸ் பதிப்பின் நிரலே என்பது கவனிக்கத்தக்கது. டொஸ் பதிப்பின் ஒலிப்பகுதி வேறொருவரின் உடைமையாயிருந்ததால் அதனை வெளியிட இயலவில்லை. ஆயினும் படங்களும் களவரைபுகளும் ஒலிகளும் கம்பனியின் உடைமையாகவே நீடித்தன. தொழினுட்பத்தில் பழையதாகிவிட்ட நிரல் பொதுவுக்கு வந்தது. விலைபோகக்கூடிய உள்ளடக்கம் வரவில்லை. அவ்வுள்ளடக்கத்தைப் புதிதாக வரைந்து நிரப்பும் வேலையை ‘ஃப்ரீடூம்’ என்ற திட்டத்தினர் மேற்கொண்டனர்.

லினக்ஸ் பயனாளருக்கு விளையாட்டுகளைப் பண்டமாகவே விற்கும் முயற்சியும் நடந்தது. 1998 இல் ஸ்கொட் டிரேக்கர் கலிபோர்னியாவில் தொடங்கிய லோக்கி சொஃப்ட்வெயர், பிற கம்பனிகளின் விளையாட்டுகளை உரிமம் பெற்று லினக்ஸுக்கு மாற்றி விற்றது. 2002 ஜனவரியில் மூடப்பட்டது. அங்கு பணிபுரிந்த சாம் லன்ரிங்கா ஆக்கிய எஸ்.டி.எல். என்ற நிரற்கருவித் தொகுதி இன்றும் பரவலாகப் பயன்படுகின்றது. பண்டம் அழிந்தது, கருவி நிலைத்தது; முன்னர்க் கூறிய துறைப்பகுப்புக்கு இது மற்றுமொரு சான்று.

லோக்கியின் விளையாட்டுகளுக்குப் பின்னர் நேர்ந்தது மேலும் சிந்திக்கத்தக்கது. அவற்றிற் பல இன்றைய லினக்ஸ் முறைமைகளில் எளிதில் இயங்குவதில்லை. அதே விளையாட்டுகளின் விண்டோஸ் பதிப்பை லினக்ஸில் இயக்குவது பலவேளைகளில் எளிது. முரணாகத் தோன்றும் இதன் காரணம் என்ன? லினக்ஸ் சூழலில் ஒரு நூலகநிரல் மாறினால் அதனைச் சார்ந்த மற்றைய மென்பொருள்களின் மூலநிரலை எடுத்து மீண்டும் மொழிமாற்றிக்கொள்வர். மூலநிரல் கையில் இருக்கும் என்பது அம்முறைமையின் அடிப்படை எடுகோள். மூடிய பண்டத்தின் மூலநிரல் எவர் கையிலும் இல்லை. அதனைச் செய்த கம்பனி மறைந்தால் திருத்துவாரும் இல்லை. வரைகலை அட்டைகளின் இயக்கிநிரலும் அத்தகையதே. லினக்ஸ் கருவை ஆக்குவோர் அதன் உட்புற இணைப்புகளை நிலையாக வைத்திருக்க உடன்படுவதில்லை. அவற்றை மாற்றுபவரே, கருவினுள் இருக்கும் இயக்கிநிரல்களையும் உடன்திருத்துவர். என்விடியா கம்பனி தனது இயக்கிநிரலை மூடியே வைத்திருந்தமையால் கரு புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு வேளையும் அதற்கேற்ப அது மீண்டும் பொருத்தப்பட வேண்டியிருந்தது, பொருந்தாவிடிற் கருந்திரை. 2012 இல் பின்லாந்தின் ஆல்ற்றோ பல்கலைக்கழக அரங்கொன்றில் டோர்வால்ட்ஸ் அக்கம்பனியை வெளிப்படையாக ஏசியமை பிரசித்தம். கருவோடு இணையும் பகுதியின் மூலநிரலை 2022 மே மாதத்திலேயே அக்கம்பனி வெளியிட்டது. எனவே பயனாளர் பிழையென்று கண்டது பெரும்பாலும் பிழையன்று. பொதுவுடைமையாய் இயங்கும் உற்பத்திமுறை ஒன்றின் நடுவே தனியுடைமைப் பண்டம் வைக்கப்படும்போது எழும் முரண்பாடே அவர் திரையிற் கருமையாகத் தோன்றிற்று.

இம்முரண்பாட்டைத் தாண்டுவதற்கு மேற்கொள்ளப்பட்ட மிகப் பெரிய உழைப்பு ‘வைன்’ ஆகும். 1993 இல் தொடங்கி, 1994 முதல் அலெக்சாந்திர் ஜூலியாரின் தலைமையில் நடந்துவரும் இத்திட்டம், விண்டோஸில் ஒரு மென்பொருள் கோரும் ஒவ்வொரு பணியையும் லினக்ஸில் நிறைவேற்றும் வகையிற் புதிதாக எழுதுவது. மைக்ரோசொஃப்டின் மூலநிரலைக் காணாமல், வெளிப்புற நடத்தையை மட்டும் கொண்டு ஊகித்து எழுதவேண்டும். மூலநூலைத் திறக்க அனுமதியற்ற மொழிபெயர்ப்பாளன், அதனைப் படித்தோரின் முகபாவங்களைக் கொண்டே மொழிபெயர்ப்பதற்கு இதனை ஒப்பிடலாம். மூலநூலில் அச்சுப்பிழை இருந்தால் அதனையும் பெயர்க்கவேண்டும். ஏனெனில் விண்டோஸின் வழுக்களை நம்பியே இயங்கும் விளையாட்டுகளும் உள. 1.0 என்ற பதிப்பெண்ணை அடைய 15 ஆண்டுகள் சென்றன. 2008 ஜூனிலேயே அது வெளிவந்தது. இதற்கிடையில் 1995 இல் மைக்ரோசொஃப்ட் அறிமுகப்படுத்திய டைரக்ட்எக்ஸ் தொகுதி விளையாட்டு உற்பத்தியை விண்டோஸுடன் இறுகப் பிணைத்தது. எல்லா முறைமைகளுக்கும் பொதுவான ஓபன்ஜி.எல். 1992 முதலே இருந்தது என்பதை நோக்க, இப்பிணைப்புத் தொழினுட்பத் தேவையால் மட்டும் நேர்ந்ததெனக் கொள்ளவியலாது.

வைனின் வரலாற்றில் வேலியிடுதலும் நிகழ்ந்தது. கனடாவின் ட்ரான்ஸ்கேமிங் கம்பனி அதன் நிரலை எடுத்து, விளையாட்டுகளுக்கு வேண்டிய பகுதிகளை மேம்படுத்தி, மாதச் சந்தாவுக்கு விற்றது. மேம்பாடுகள் பலவற்றைப் பொதுவுக்குத் திருப்பித் தரவில்லை. அன்றைய உரிமம் அதற்கு இடமளித்தது. 2002 மார்ச்சில் வைன் திட்டத்தினர் உரிமத்தை மாற்றி, மாற்றங்களைத் திருப்பித் தருதலைக் கட்டாயமாக்கினர். அதன்பின் அக்கம்பனி பழைய நிரலிலிருந்து தனிவழி சென்றது. ‘செடேகா’ என்ற பெயர்பூண்ட அதன் சேவை 2011 இல் நின்றது. வைன் தொடர்ந்தது. உரிமம் என்பது சட்ட நுணுக்கமென எண்ணுவோர் இந்நிகழ்ச்சியை ஆழ்ந்து நோக்குதல் நன்று.

இனி, இத்தனை இடருக்கும் இடையில் மக்களை ஈர்த்தது எது? சிக்கனம் என்பது போதிய விடையாகாது. 2010 மே மாதத்தில், வாங்குவோரே விலையைத் தீர்மானிக்கலாம் என்ற முறையில் விற்கப்பட்ட முதலாவது ‘ஹம்பிள் இண்டி’ விளையாட்டுத் தொகுப்புக்கு லினக்ஸ் பயனாளர் விண்டோஸ் பயனாளரை விடச் சராசரியாகக் கூடுதல் விலை கொடுத்தனர். ஈர்ப்பின் வேர் வேறிடத்தில் உள்ளது. விண்டோஸில் விளையாட்டு நின்றுவிட்டால் ஆடுபவர் செய்யக்கூடியது மீண்டும் தொடங்குவதும் காத்திருப்பதுமே. லினக்ஸில் அவர் பிழைச் செய்தியைப் படிக்கிறார், எந்த நூலகநிரல் இல்லையென அறிகிறார், ஓர் அமைப்பை மாற்றிப் பார்க்கிறார், வெற்றிகண்டதை எழுதிவைக்கிறார். வைன் திட்டத்தின் பட்டியலிலே விளையாட்டுகள் பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம், குப்பை எனத் தரம்பிரிக்கப்பட்டன. தம் கணினியிற் குப்பையை வெண்கலமாக்கியவர் அடையும் மகிழ்ச்சி, விளையாட்டில் அரக்கனை வென்ற மகிழ்ச்சிக்குக் குறைந்ததன்று. முதலாளித்துவத்தில் நுகர்வோன் தான் நுகரும் பொருளின் ஆக்கத்திலிருந்து அந்நியப்பட்டவன். இங்கு அவ்வந்நியம் ஓரளவு தகர்கின்றது.

ஆனால் இவ்வுழைப்புக்கு இன்னொரு முகம் உண்டு. ஆயிரக்கணக்கானோர் கூலியின்றிச் செய்த இத்திருத்தங்கள், பிறர் உடைமையான பண்டங்களுக்குப் புதிய சந்தையைத் திறந்துகொடுத்தன. அச்சந்தையின் பயனை யார் பெற்றனர் என்பதை அடுத்த கட்டம் காட்டுகின்றது.

2012 இல் மைக்ரோசொஃப்ட் தனது விண்டோஸ் 8 முறைமையினுள் சொந்த விற்பனைக்கூடத்தை அமைத்தது. ‘ஸ்டீம்’ என்ற விளையாட்டு விற்பனைத் தளத்தை 2003 முதல் நடத்திவந்த வால்வ் கம்பனிக்கு இது நேரடி அச்சுறுத்தல். விற்பனையில் 30 சதவீதத்தைப் பொதுவாகத் தரகாகப் பெறும் அத்தளம் முழுவதும் பிறரது நிலத்திலே நின்றது. முன்னாள் மைக்ரோசொஃப்ட் ஊழியரான அதன் தலைவர் கேப் நியூவெல், விண்டோஸ் 8 ஒரு பேரழிவென அவ்வாண்டு ஜூலையிற் கூறினார். 2013 பெப்ருவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் வந்தது. 2015 இல் விற்பனைக்கு வந்த ‘ஸ்டீம் மெஷின்’ கணினிகள் தோல்வியுற்றன. லினக்ஸுக்கென விளையாட்டுகளை மாற்றித் தரக் கம்பனிகள் போதியளவு முன்வரவில்லை. எனவே வால்வ் மொழிபெயர்ப்பு வழியை நாடியது. வைனையும், தாம் விரும்பிய ‘நியர்: ஒட்டோமாட்டா’வை லினக்ஸில் ஆடும்பொருட்டு பிலிப் றெபோல் எழுதத் தொடங்கிய டி.எக்ஸ்.வி.கே. என்ற நிரலையும் இணைத்து, 2018 ஓகஸ்டில் ‘புரோட்டொன்’ வெளியிடப்பட்டது. டைரக்ட்எக்ஸ் கட்டளைகளை, 2016 இல் வந்த வல்கன் என்ற பொது வரைகலை இடைமுகத்திற்கு மாற்றுவது றெபோலின் நிரல். 2022 பெப்ருவரியில் லினக்ஸில் இயங்கும் கையடக்கக் கணினியான ‘ஸ்டீம் டெக்’ விற்பனைக்கு வந்தது. நெடுங்காலம் 1 சதவீதத்தை ஒட்டியே நின்ற லினக்ஸ் பயனாளர் பங்கு, 2025 ஒக்டோபருக்கான ஸ்டீம் கணக்கெடுப்பில் 3 சதவீதத்தைக் கடந்தது.

இதனை வெற்றியெனக் கொண்டாடுவோர் உளர்; காட்டிக்கொடுப்பெனக் கண்டிப்போரும் உளர். 2012 இலேயே இதுபற்றி எழுதிய ஸ்டோல்மனின் நிலைப்பாடு இவ்விரு சாராரினதையும் விட நுண்மையானது. மூடிய விளையாட்டு அறமற்றது. எனினும் அதனை ஆடுவதென்றால் விண்டோஸில் ஆடுவதினும் சுதந்திர முறைமையில் ஆடுவது மேல். ஆனால் முறைமையை வழங்குவோர் அதனைப் பரப்பும்போது சுதந்திரம் முக்கியமல்ல என்ற பாடத்தையும் சேர்த்துப் பரப்புவர் என்றார் அவர். இக்கணிப்புப் பெருமளவு சரியாயிற்று என்பதே எமது கருத்து. ஆயின் வால்வ் கூலிகொடுத்து எழுதுவித்த நிரலிற் பெரும்பகுதி வைனுக்கும் லினக்ஸ் வரைகலைத் தொகுதிகளுக்கும் பொதுவாக வந்து சேர்ந்துள்ளது என்பதையும் மறுத்தலாகாது. தரகு முதலுக்கு லினக்ஸ் உற்பத்திச் சாதனமாயிற்று, ஐ.பி.எம். செய்ததையே அது வேறொரு காரணத்திற்காகச் செய்தது.

விளையாட்டை இயக்கும் சிக்கல் இவ்வாறு பெரிதும் தீர்ந்துகொண்டிருக்க, மற்றொரு தடை வலுப்பெற்றது. பலர் சேர்ந்து ஆடும் போட்டி விளையாட்டுகளில் மோசடியைத் தடுக்கக் கம்பனிகள் காவல்நிரல்களை வைக்கின்றன. நேர்மையாக ஆடுவோர் மோசடியை வெறுப்பது நியாயமே. ஆனால் கம்பனி தன் சேவைக் கணினியிற் கூடிய செலவில் செய்யவேண்டிய சோதனைகளின் ஒரு பகுதி ஆடுபவரின் கணினிக்கு மாற்றப்படுகின்றது. றயட் கேம்ஸ் 2020 இல் கொணர்ந்த ‘வான்கார்ட்’ இயக்க முறைமையின் கருமட்டத்திலேயே அமர்வது. கணினி இயங்கத் தொடங்கும்போதே தானும் தொடங்குவது. தன் முறைமையின் கருவையே மாற்றியெழுத உரிமையுள்ள பயனாளரை இத்தகைய காவல் நம்பமுடியாது. லினக்ஸில் அது இல்லை. 2024 மே மாதத்தில் ‘லீக் ஒஃப் லெஜெண்ட்ஸ்’ விளையாட்டிலும் அது கட்டாயமாக்கப்பட்டபோது, பயனாளர்களின் உழைப்பால் ஆண்டுக்கணக்கில் வைன் வழியாக லினக்ஸில் ஓடிய அவ்விளையாட்டு நின்றுபோயிற்று. எபிக் கேம்ஸ் தன் உடைமையான காவல்நிரல் புரோட்டொனில் இயங்க 2021 செப்டெம்பரில் வழிசெய்தது. ஆனால் அதே கம்பனியின் ‘ஃபோர்ட்நைற்’ விளையாட்டுக்கு அவ்வழியைத் திறக்க 2022 இல் மறுத்தது.

‘ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ்’ 2022 முதல் ஸ்டீம் டெக்கில் தடையின்றி ஓடியது. 2024 ஒக்டோபர் 31 ஆம் நாள், மோசடி செய்வோர் லினக்ஸை நாடுகின்றனரெனக் கூறி அக்கம்பனி லினக்ஸ் பயனாளர் அனைவரையும் விலக்கியது. இயக்கிநிரலில் கோளாறில்லை, மொழிபெயர்ப்பிற் பிழையில்லை. விளையாட்டின் உள்ளே பணங்கொடுத்து வாங்கிய பொருள்களும் கணக்கில் அப்படியே இருந்தன. தொடர்ந்து ஆட விரும்பியோருக்கு எஞ்சிய எளிய வழி, வன்தட்டின் ஒரு பகுதியை விண்டோஸுக்கென ஒதுக்கி, ஆடும்போது மட்டும் கணினியை அதில் தொடங்குவது. 1990களில் லினக்ஸ் பயனாளர் செய்துவந்ததும் அதுவே.